எட்டாவது கேள்வி

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு
இருபத்திரண்டு கிலோமீட்டர் என்கிறது பலகை.
என் கணக்கில் அது நான்கு நிறுத்தம்:
பெண்ணையாற்றுப் பாலம் இறங்கியதும் ஒரு வேலிக்காத்தான் புதர்,
ரெட்டிச்சாவடி பங்க்கின் பின்சுவர்,
கன்னியக்கோயில் ஒயின்ஷாப் சந்து,
தவளக்குப்பத்தில் பாதியில் நின்றுபோன கல்யாண மண்டபம்.

ஐம்பது பேர் எனக்காகக் காத்திருக்க
நான் சுவர் முன்னால் அதற்காகக் காத்திருப்பேன்.
வருகிற மாதிரி இருக்கும், வராது.
முடிந்தது என்று ஜிப்பை இழுத்தால்
இன்னும் இருக்கிறதென்று காக்கியில் எழுதும்.

'டிரைவருக்கு போன் வந்திருக்கு'
தினம் நான்கு முறை பொய் சொன்னான் கண்டக்டர் பாவாடை.
என்னிடம் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

எண்பது கிராம் என்றார் கோரிமேட்டு டாக்டர்.
இருபதுதான் இருக்கணுமாம்.
'எலுமிச்சம்பழமா சாத்துக்குடியா'
அஞ்சலாட்சி கேட்டாள், கடைக்காரரிடம் கேட்பதுபோல.
சாத்துக்குடி என்றார், சிரிக்காமல்.
கத்தி இல்லை, தையல் இல்லை, வெறும் ஒளி.
கையெழுத்துக்கு முன்னால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்:
இனி விந்து முன்னால் வராது,
பின்னால் போய்ப் பைக்குள் விழும்.
ரிவர்ஸா என்றேன்.
ரிவர்ஸ்தான் என்றார்.

குழாயோடு இரண்டு நாள்.
பையில் முதலில் நாவற்பழச் சாயம்,
அப்புறம் ரோஸ்மில்க்,
அப்புறம் நம்ப முடியாமல் தண்ணீர்.
மூன்று வாரம் மிளகாய் அரைத்தது உள்ளே.
பதினேழாம் நாள் சிலிண்டரைத் தூக்கி வைத்தேன்,
மறுபடி சிவப்பு.
நான் உட்கார்ந்துவிட்டேன் பாத்ரூம் தரையில்.
கதவுக்கு வெளியே அவள்
டாக்டர் நம்பரைத் தப்புத் தப்பாய் அழுத்திக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் மாதம்
புனலில் போகச் சொன்னார்கள்.
விநாடிக்குப் பத்தொன்பது மில்லி.
அன்றைக்கு ஆறு இருந்தது, காகிதத்தில் ஒரு வரப்பு;
இன்றைக்கு ஒரு குன்று.
அதை மடித்து லைசென்ஸ் உறையில் வைத்துக்கொண்டேன்.

நர்ஸ் பிலோமினா பேனாவைத் தட்டித் தட்டி ஏழு கேள்வி கேட்டார்.
விட்டு விட்டு வருதா. முக்க வேண்டியிருக்கா.
ராத்திரி எத்தனை தடவை.
அன்று இருபத்தெட்டு மதிப்பெண், இன்று ஐந்து.
குறைந்தால் பாஸாகும் பரீட்சை
வாழ்க்கையில் இது ஒன்றுதான் எனக்கு.

எட்டாவது:
இப்போ இருக்கிற மாதிரியே கடைசி வரைக்கும் இருந்தா
உங்களுக்கு எப்படி இருக்கும்?

முதல் தடவை கேள்வி முடியுமுன்பே கொடுமை என்றிருந்தேன்.
இப்போது யோசித்தேன்.
தும்மினால் வரும் ஒரு சொட்டை.
நாற்பதாம் ராத்திரி
ஈரமில்லாமல் முடிந்தபோது
அவள் துணியைப் பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்த்ததை.
நான் தூங்குகிறேன் விடிய விடிய;
அவளுக்கு மட்டும் இன்னும் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும்
முழிப்பு வந்துவிடுகிறது.
பாத்ரூம் லைட்டைப் போட்டுவிட்டு
யாருக்கு என்று நிற்கிறாளாம்.

'அவங்ககிட்டயும் கேப்பீங்களா இதை?'
ஃபாரத்தில் இடம் இல்லை என்றார் பிலோமினா.
பரவாயில்லை என்பதற்குக் கீழே டிக் போட்டார்.

திரும்பும்போது என் வண்டியிலேயே பயணியாக ஏறினோம்.
அரியாங்குப்பம் தாண்டியதும்
அஞ்சலாட்சி முழங்கையால் இடித்தாள்.
'எனக்குப் போகணும்.
காலையில இருந்து.'

பதினாறு வருஷம் ஓட்டிய சாலை.
புதர், பின்சுவர், ஒயின்ஷாப் சந்து...
ஒவ்வொன்றாய் நினைத்துப் பார்த்தேன்.
அவளுக்கு ஆகிற இடம் ஒன்றுமில்லை.
எத்தனை தடவை இந்த வண்டியில் வந்திருக்கிறாள்,
எங்கே வைத்திருந்தாள் அதையெல்லாம்?

பாவாடையைப் பார்த்தேன்.
அவன் விசிலை எடுத்தான்.
'டிரைவருக்கு போன் வந்திருக்கு.'
ஸ்டியரிங்கில் இருந்த புதுப் பையன் திருதிருவென விழித்தான்.

தவளக்குப்பம் மண்டபத்தில்
சுவர்கள் இருந்தன. கதவு வைக்கவில்லை.
சாலையைப் பார்த்துக்கொண்டு
அந்த இடத்தில் நான் நின்றேன்.